மட்டாஞ்சேரியில் மூன்று கூடைச் சுண்ணாம்பு

"விருச்சிகம் 23" என்று மட்டும் மேலே போட்டு, ஆண்டு போடாமல், அக்கா எனக்கு ஓர் இன்லண்ட் கடிதம் எழுதியிருந்தாள். தபால் முத்திரையையும் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் அது 1980 டிசம்பர் 8. நம் கணக்கில் கார்த்திகை 23. கடிதத்தை அப்படியே தருகிறேன்.

"அன்புள்ள தம்பிக்கு, இவிடெ எல்லாரும் சுகம். நம்ம வரிசையில் நாலாம் வீடு மழைக்கு விழுந்தது நீ அறிஞ்சிருப்பே. இப்போ அந்த வீட்டுக்காரர் பைலிச் சேட்டன், நடுச்சுவர் தனக்குள்ளது, அதைப் பொளிக்கப் போறேன்னு சொல்றார். சுவர் போனா நம்ம மேற்கூரை அவர் மண்ணில் கிடக்கும். பழைய பத்திரம் வாயிக்க ஒனக்குத்தான் அறியும். லீவு போட்டுட்டு வா. வரும்போது அரைக் கிலோ காப்பிப்பொடி."

அக்கா கோமதி கல்யாணமாகிக் கொச்சிக்குப் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. போன மறுவருஷமே அவள் தமிழ் நனைய ஆரம்பித்தது. இப்போது நன்றாக ஊறிவிட்டது. நான் திருநெல்வேலியில் பத்திரப் பதிவு ஆபீசில் பழைய புத்தகங்கள் அடுக்கியிருக்கும் அறையில் வேலை பார்ப்பவன். கரையான் தின்ற பத்திரங்களில் மிச்சமிருக்கும் எழுத்துகளைப் படிப்பது என் உத்தியோகத்திலேயே வராத ஒரு வேலை; ஆனால் அதற்குத்தான் எல்லோரும் என்னைத் தேடி வருவார்கள். லீவு கிடைத்தது. காப்பிப்பொடியும் வாங்கினேன்.

எர்ணாகுளம் படகுத்துறைக்கு 1981 ஜனவரி 5, திங்கட்கிழமை காலை 11.40க்கு வந்து சேர்ந்தேன். துறைக் கடிகாரம் 11.15 என்றது. அதோடு வாதாடாமல், மட்டாஞ்சேரிப் படகு எது என்று ஒருவரிடம் கேட்டேன். "இதோ, இப்படியே உள்ளே போங்க" என்று கை காட்டினார். உள்ளே போனேன், ஜன்னலோரமாக இடம் பார்த்து உட்கார்ந்தேன். படகு புறப்பட்டது. பத்து நிமிஷம் காயலை ரசித்த பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், மட்டாஞ்சேரிக்கு எவ்வளவு நேரம் என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மட்டாஞ்சேரியா? அதோ போகுது பாருங்க." தூரத்தில் வேறொரு படகு போய்க்கொண்டிருந்தது. "ரெண்டு படகை ஒட்டிக் கட்டியிருந்தாங்க சாரே. இதுக்குள்ள ஏறி, அந்தப் பக்கமா இறங்கி, அதுல உக்காரணும். நீங்க வழியிலேயே உக்காந்துட்டீங்க."

அந்தப் படகு வைப்பீனுக்குப் போனது. நானும் போனேன். அங்கிருந்து இன்னொரு படகில் கோட்டைக் கொச்சி, அங்கிருந்து நடை. வழி நெடுக ஒரு பக்கம் சுக்கு, ஒரு பக்கம் மிளகு; மூன்று தெருவில் பதினோரு தும்மல். அக்கா வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி 2.10.

"ஏலே, அரை மணிக்கூர் வழிக்கு இத்தன நேரமா? காப்பிப்பொடி எங்கே?" என்றாள் அக்கா. வரவேற்பு அவ்வளவுதான்.

சாப்பாட்டில் சிவப்பரிசிச் சோறு, தேங்காய் அரைத்த ஓலன், பப்படம். கூடவே ஓரமாக ஒரு கிண்ணம். நாங்கள் பிறந்த வீட்டில் வெங்காயத்துக்கே நாள் பார்ப்பார்கள். கிண்ணத்தில் மத்திக் கறி இருந்தது.

"இது மீன்லா?" என்றேன்.

"இந்த ஊர்க் கறி" என்றாள் அக்கா. "அம்மைக்கு எழுதிராதே."

எழுதவில்லை. தேதியை மட்டும் குறித்துக்கொண்டேன்.

இனி சுவர். அக்கா இருப்பது ஆறு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை. ஆறுக்கும் ஒரே ஓட்டு முகடு. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே ஒரு சுவர். ரயில் பெட்டிகளைத் தரையில் இறக்கி வைத்ததுபோல இருக்கும். ஒன்றாம் வீட்டில் இருக்கும் லீலாம்மா டீச்சர் கல்லூரியில் சரித்திரம் சொல்லித்தருபவர். விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளிகளுக்கு இப்படித்தான் வரிசை வரிசையாகக் கட்டினார்களாம்; அதைப் பார்த்த யாரோ ஒரு வியாபாரி இங்கே தன் கிடங்கு ஆட்களுக்குக் கட்டியிருக்கலாம் என்பது அவர் எண்ணம். யார், எப்போது என்பதற்குக் காகிதம் இல்லை.

நாலாம் வீடு போன ஜூன் மழையில் விழுந்தது. அதில் ஆள் இல்லை, பைலிச் சேட்டனின் காலிச் சாக்குகள்தான் இருந்தன. சாக்குகளுக்குச் சேதமில்லை. இப்போது மூன்றுக்கும் நாலுக்கும் நடுவிலிருந்த சுவர் ஒரு பக்கம் அக்காவின் சமையலறையையும் மறு பக்கம் வானத்தையும் பார்த்துக்கொண்டு நின்றது. அக்கா வீட்டுக் கூரை உத்திரங்கள் எல்லாம் அதன்மேல்தான். பைலி விற்கப்போகும் அந்த மனையை வாங்க வந்தவர், நாலு பக்கமும் வெட்டவெளியாகக் கொடுத்தால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பக்கத்துச் சுவர் மழையோடு போய், ஐந்தாம் வீட்டுக்காரர் தனக்குத் தனியாக ஒன்று எழுப்பிக்கொண்டார்; பாக்கி இந்தச் சுவர்தான். சனிக்கிழமை இடிக்க ஆள் வருவதாகப் பேச்சு.

இரண்டு வீட்டுப் பத்திரங்களையும் அன்று மாலையே வாங்கி, உத்தியோகத்தில் பழகிய மலையாளத்தை வைத்துப் படித்தேன். என் சர்வீசில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அக்கா வீட்டுப் பத்திரத்தில், தெற்கு எல்லை "நாலாம் வீட்டுச் சுவர்" என்றிருந்தது. பைலியின் பத்திரத்தில், வடக்கு எல்லை "மூன்றாம் வீட்டுச் சுவர்." அதாவது, ஆளுக்கொரு பத்திரம் எழுதிய புண்ணியவான்கள் இருவரும் சுவரை அடுத்தவருக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள். அதனால் அக்கா தன் பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, "பைலிச் சேட்டனோட பத்திரத்தப் பாரு" என்கிறாள். பைலி தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு, "கோமதியம்மாவோட பத்திரத்தைப் பாருங்க" என்கிறார்.

பைலிச் சேட்டன் அன்று மாலை நேரிலேயே வந்தார். ஐம்பது வயது, மிளகு வியாபாரம், ஜனவரி வெயிலிலும் கையில் கறுப்புக் குடை. ஒரு தட்டு அவலோசுண்டையை, வெல்லப்பாகில் பிடித்த அரிசிமாவு உருண்டைகளை, திண்ணமாக நீட்டினார். "வீட்டுல செஞ்சது. சுவர் விஷயம் வேற, இது வேற."

அக்கா ஒரு டம்ளர் காப்பியை அதே திண்ணத்தோடு அவர் முன்னால் வைத்தாள். "திருநெல்வேலிப் பொடி. சுவர் விஷயம் வேற."

கோர்ட்டுக்குப் போகலாமே என்று நான் உத்தியோக தோரணையில் ஆரம்பித்தேன். பைலி காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "போகலாம் சாரே. தீர்ப்பு வர்றதுக்குள்ள சுவர் தானா விழும். அதுக்குள்ள நானும் விழுவேன்."

வழி சொன்னது லீலாம்மா டீச்சர். சுவர் எந்த வீட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டது என்பது அதன் அடித்தளத்தில் தெரியும். தோண்டிப் பார்ப்போம் என்றார். பூசியிருந்த சுண்ணாம்பே சாட்சி. சுவரின் சுண்ணாம்பும் அக்கா வீட்டு மூலைச் சுண்ணாம்பும் ஒரே கலவையாக இருந்து, பைலி வீட்டு மூலை வேறாக இருந்தால், சுவர் அக்காவுடையது. மாறியிருந்தால் பைலியுடையது. மூலையை உடைத்துக் கல் எப்படிக் கோத்திருக்கிறது என்று பார்த்தால் இன்னும் உறுதி. அதற்கு அக்கா சம்மதிக்கவில்லை. "இடிக்கலாமான்னு பாக்க இடிச்சிப் பாக்கவா?" என்றாள். அது நியாயம்.

இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டது தெரிந்ததும் வரிசை முழுவதும் தோண்ட வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை 7.20க்கு ஆரம்பம். டீச்சர் மனையில் கயிறு கட்டிக் கட்டம் பிரித்திருந்தார். வீட்டுக்கு ஒருவர் என்று ஏற்பாடு. வந்தது வீட்டுக்கு மூவர். ஐந்தாம் வீட்டுத் தையற்காரர் டேப்போடு வந்தார், ஆழம் அளக்க. ஆறாம் வீட்டுச் சாயக்கடைக்காரர் ஒரு பெரிய கரண்டியோடு வந்து, அதற்குப் பதிலாக மண்வெட்டி தரும்படி கேட்டு, மறுக்கப்பட்டுக் கோபித்துக்கொண்டு, பத்தே நிமிஷத்தில் எல்லோருக்கும் சாயாவோடு திரும்பினார். அக்கா வீட்டுத் தேங்காய் துருவிகூட வேலைக்கு வந்தது. வராதவர் என் அத்தான் ஒருவர்தான். பக்கத்துக்காரரோடு சண்டை என்றால் அவருக்கு ஆபீசில் வேலை குவிந்துவிடும். அந்த வாரம் விடியுமுன் போய் விளக்கு வைத்த பிறகு வந்தார்.

டீச்சரின் விதி எளிமையானது. மேல்மண்ணில் கிடைப்பதற்குச் சிவப்புத் துணி கட்டிய கூடை. அதற்குக் கீழே பச்சை. அடித்தளத்தை ஒட்டிக் கிடைப்பதற்குக் கறுப்பு. சுண்ணாம்புக்கு மட்டும் தனியாக மூன்று கூடை: ஒன்று அக்கா வீட்டு மூலை, இரண்டு நடுச்சுவர், மூன்று பைலி வீட்டு மூலை. எதையும் கழுவக்கூடாது, எதையும் கலக்கக்கூடாது. எந்த ஆழத்தில் எது கிடைத்தது என்பதுதான் காலக்கணக்கு. எனக்கு அதைக் கேட்கக் கேட்க இனித்தது. ஆழத்தையும் நேரத்தையும் பொருளையும் எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எதிர்க் கிடங்கில் மிளகு சுத்தம் செய்யும் பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மைமூனாத்தா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் போட்ட வெள்ளைத் தட்டத்தைக் காதுக்குப் பின்னால் செருகியிருந்தாள். டீச்சர் மாவு அரிப்பை வைத்து மண் சலிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டீச்சரே, அது புட்டுமாவு சலிக்கிறது" என்றாள். "மண்ணைப் பாத்தா பாவமாத் தோணுது. இங்க கொடுங்க."

மிளகுச் சல்லடையும் முறமும் வந்தன. அதன்பின் நாங்கள் தோண்டுவது அவர்கள் சலிப்பதற்கு ஈடு கொடுக்கவில்லை. கட்டையோ கல்லோ மண்ணோ, முறத்தில் மூன்று தட்டு தட்டினால் வேண்டியது முன்னால் வந்து நின்றது. நீலப் பூப்போட்ட பீங்கான் துண்டுகள், பாட்டில் அடிகள், எலும்புச் சீப்பு ஒன்று, பொத்தான்கள், ஒரு பொம்மையின் கை. என் கையில் இருந்த பேனாவைப் பார்த்து மைமூனாத்தா கேட்டாள்: "சார் என்ன எழுதுறார்?"

"எது எப்போ கிடைச்சதுன்னு" என்றேன்.

"இன்னைக்குத்தானே கிடைச்சது?"

மூன்று பெண்கள் சிரித்தார்கள். அன்று முதல் அவர்களுக்கு நான் "இன்னைக்கு சார்."

புதன்கிழமை நான் திருப்பூணித்துறைக்குப் போனேன். பழைய நில அளவை வரைபடம் ஒன்று, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் இருப்பதாகச் சாயக்கடைக்காரர் சொல்லியிருந்தார். விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் குருவாயூர் போயிருந்தார். வரைபடம் உண்டா என்று வீட்டில் இருந்த அம்மாளிடம் கேட்டதற்கு, "உண்டு, பூனை குட்டி போட்டிருக்கு, இப்ப எடுக்க முடியாது" என்றார். இரண்டுக்கும் உள்ள தொடர்பை விளக்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கண் அயர்ந்துவிட்டேன். தோப்பும்படியில் இறங்கவேண்டியவன் இடக்கொச்சியில் கண் விழித்தேன். எங்கும் இறால் தோலின் வாசனை. ஒரு கடையில் கப்பைக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் தின்று கண்ணீர் விட்டேன். கடைக்காரர் அதைத் துக்கம் என்று நினைத்து இன்னொரு கரண்டி கப்பை வைத்து, "வீட்டுல யாருக்காவது சுகமில்லையா?" என்று கேட்டார். அந்த அளவு ஈரமனசை எங்கள் ஊர் ஹோட்டல்களில் பார்த்ததில்லை. அந்த அளவு காரத்தையும்.

மட்டாஞ்சேரி வந்து சேர 5.35. டீச்சரும் அப்போதுதான் கல்லூரியிலிருந்து வந்து, வாசலில் குடையை மடித்தும் மடிக்காமலும் நின்றிருந்தார். அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன்.

மனையில் நாலு பாய் விரித்திருந்தது. பாயின்மேல் இரண்டு நாளும் கிடைத்ததெல்லாம் கழுவித் துடைத்துத் தரம் பிரித்து அடுக்கப்பட்டிருந்தது. பீங்கான் பெரியது, நடுத்தரம், சிறியது, பொடி. கண்ணாடி அதேபோல. பொத்தான்கள் ஏறுவரிசையில். எலும்புச் சீப்புக்கு எண்ணெய்கூடத் தடவியிருந்தார்கள். சிவப்பு, பச்சை, கறுப்புத் துணிகள் துவைத்துக் காயவைத்து மடித்து ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

"சாயங்காலம் வேலை சீக்கிரம் முடிஞ்சுது" என்றாள் மைமூனாத்தா, பெருமையை அடக்க முடியாமல். "இப்படி அழுக்கா ஒரு சரக்கு எங்க கண் முன்னால ரெண்டு நாள் கிடந்ததே இல்லை."

"யாரு செய்யச் சொன்னா?" என்றார் டீச்சர்.

"இதுக்குச் சொல்லணுமா டீச்சரே?"

நடுவில் ஒரு செப்புக் காசு. நான் இல்லாதபோது கிடைத்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தார்கள். ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் மூக்கு மாலை வெயிலில் மின்னியது. மறு பக்கம் ஆண்டு. 18 வரை தெரிந்தது. மற்ற இரண்டு எண்களின் இடம் கண்ணாடிபோல வழவழவென்றிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, பாயில் இடம் இருந்தது.

அக்கா காசைப் பார்க்கவில்லை. "சுண்ணாம்பு எங்கே?" என்று கேட்டாள்.

மூன்று கூடைச் சுண்ணாம்பும் ஒரே குவியலாக, மண்ணும் வேரும் நீக்கி, ஒரு முறத்தில் இருந்தது.

பைலிச் சேட்டன் எப்போது வந்தாரோ, கயிற்றுக்கு வெளியே குடையை ஊன்றி நின்றிருந்தார். "கஷ்டம்தான்" என்றார். அவருக்கு உண்மையிலேயே கஷ்டமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். "சாட்சி கலைஞ்சு போச்சு. என்ன செய்யறது? சனிக்கிழமை ஆள் சொல்லியாச்சு."

அக்கா சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், முறத்தைப் பார்த்தாள். அப்புறம் மைமூனாத்தாவைப் பார்த்தாள்.

"என்ன கலைஞ்சது?" என்றாள் மைமூனாத்தா. அவளுக்கு இப்போதுதான் ஏதோ தப்பு என்று உறைத்திருந்தது. "அது ஒரே சரக்கு."

"மூணு கூடையில தனித்தனியா இருந்ததே! ஏன் ஒண்ணாக் கொட்டினீங்க?" என்றார் டீச்சர்.

"வேற வேறன்னா கொட்டியிருப்பேனா? டீச்சரே, வயநாட்டு மிளகையும் கோட்டயத்து மிளகையும் ஒண்ணாக் கொட்டினா எனக்கு மறுநாள் வேலை கிடையாது. இருபத்திரண்டு வருஷமா ஒரு தடவை கொட்டினதில்லை. மூணும் ஒண்ணுன்னு கை சொல்லிச்சு, கொட்டினேன்."

டீச்சர் குடையைக் கீழே வைத்தார். எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. சுவரும் இரண்டு மூலைகளும் ஒரே கலவை என்றால், மூன்றும் நாலும் ஒரே வேலையில், ஒரே ஆட்கள் ஒன்றாகக் கட்டியது. அப்படியானால் சுவர் அக்காவுடையதும் இல்லை, பைலியுடையதும் இல்லை. இருவருக்கும் பொது. பொதுச் சுவரை ஒருவர் மட்டும் இடிக்க முடியாது.

பைலிக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது. "கை சொல்லிச்சா!" என்றார். "கை சொன்னா ஆச்சா? நாளைக்குக் காலைல பார்ப்போம்."

வியாழக்கிழமை காலை, சாயக்கடைக்காரர் அன்று புட்டே அவிக்காமல் மனைக்கு வந்துவிட்டார், அங்கே அவ்வளவு கூட்டம். பைலி ஒரு காகிதப் பொட்டலத்தில் வேறு சுவர்களின் சுண்ணாம்பு கொண்டுவந்தார். மைமூனாத்தா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைகளை மட்டும் பின்னால் நீட்டினாள். பைலி முறத்திலிருந்து சில துண்டுகளும் பொட்டலத்திலிருந்து சிலவும் கலந்து, ஒன்றொன்றாக அவள் கையில் வைத்தார். அவள் கட்டைவிரலால் ஒரு தடவை உருட்டிவிட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று போட்டாள். ஆறாவது துண்டை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது சாயக்கடைப் பின்சுவர். இதுல பால் பொங்கின வாசனை."

கூட்டம் சிரித்தது. "முகர்ந்து பார்க்கக்கூடாது!" என்று கத்தினார் பைலி.

"மிளகை முகராம எடுக்கச் சொல்லுவீங்களா?"

மறுபடியும் ஒரு முறை. இந்தத் தடவை துண்டுகளைத் தண்ணீரில் அலசி, வேறு இரண்டு தெருவிலிருந்து கொண்டுவந்ததையும் கலந்தார். ஒன்பது துண்டு. வெளித் துண்டு மூன்றையும் அவள் விரல் ஒதுக்கியது. "இதுல கக்காச் சிப்பிப் பொடி இல்லை. இது ஆத்து மணல். இது நேத்துக் கலந்தது மாதிரி இருக்கு, உங்க வீட்டு மதில்தானே சேட்டா?" அவர் வீட்டு மதில்தான்.

டீச்சர் லென்ஸை எடுத்துப் பார்த்தார். ஒரே மாதிரிதான் தெரிகிறது என்றார். ஆனால் படித்தவர், அதனால் ஒரு சந்தேகத்தையும் சேர்த்துக்கொண்டார்: ஒரே சூளைச் சுண்ணாம்பை ஒருவர் முதலிலும், மற்றவர் பத்து வருஷம் கழித்தும் வாங்கிக் கட்டியிருக்கலாமே?

"ஒரே தோட்டத்து மிளகும் அடுத்த வருஷம் வேறதான்" என்றாள் மைமூனாத்தா, திரும்பாமலே.

"இதை எந்த அறிக்கையிலயும் எழுத முடியாது" என்றார் டீச்சர் என்னிடம் மெல்ல. "ஆனா நான் நம்பறேன்."

பைலி ஒப்பவில்லை. சுண்ணாம்பில் அவளுக்கு என்ன தெரியும், அவள் மிளகுக்காரி என்றார். அப்போதுதான் மைமூனாத்தா எழுந்து, தட்டத்தைச் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்துத் திரும்பினாள்.

"சேட்டா, இந்த வருஷத்து மிளகு அடுத்த வாரம் வருது. என் கை பார்த்து முதல் தரம்னு சொன்னா, அது முதல் தரம். பம்பாய்க்காரன் வந்தாலும் அதுக்கு மேல கேக்கறதில்லை. இந்தக் கைக்குச் சுண்ணாம்பு தெரியாதுன்னு இந்தத் தெருவுல நின்னு நீங்க சொன்னா, நாளைக்கு அவன் மிளகுக்கும் டீச்சரோட லென்ஸைக் கேப்பான். கொடுத்துரலாமா?"

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் பாதிப்பேர் அங்கே நின்றிருந்தார்கள். அதில் வியாபாரிகள் எத்தனை பேர் என்று பைலி ஒரு சுற்றுப் பார்த்தார். நானும் பார்த்தேன், ஏழு.

குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "நான் எப்போ சொன்னேன் தெரியாதுன்னு?" என்றார். "முகர்ந்து பார்த்தாளேன்னுதானே சொன்னேன்?"

"அப்போ?" என்றாள் அக்கா. ஒரு வார்த்தைதான். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் கை சுவரின்மேல் இருந்தது.

"அப்போ பொது" என்றார் பைலி. வியாபாரி ஆனதால், அதிலும் ஒரு நல்லதைக் கண்டுபிடித்தார். "வாங்கறவன்கிட்ட சொல்லிக்கறேன். நாலு சுவர் கட்ட வேண்டியவனுக்கு மூணு போதுமே."

சாயக்கடைக்காரர் அன்று கேட்டவர்களுக்கெல்லாம் சாயா கொடுத்தார். அக்கா கிடங்குப் பெண்கள் பதினொரு பேருக்கும் அன்று மத்தியானம் மத்திக் கறி வைத்தாள். அவர்கள் சாப்பிட்டுவிட்டு, புளி போதாது என்றார்கள். மிச்சப் புளி எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஒப்பந்தம். தமிழில் நான் எழுதினேன், மலையாளத்தில் டீச்சர். மூன்றாம் வீட்டுக்கும் நாலாம் மனைக்கும் இடைப்பட்ட சுவர் இருவருக்கும் பொது. ஒருவர் சம்மதமின்றி மற்றவரோ அவர் வாரிசுகளோ அவரிடம் வாங்கியவரோ அதைத் தொடக்கூடாது. அத்தான் அன்று ஆபீசுக்குப் போகவில்லை. வேலை திடீரென்று குறைந்துவிட்டதாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்து, "எனக்கு அப்பவே தெரியும்" என்று பைலியிடம் சொன்னார். எப்போது என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது, தேதிக்காக.

பைலி தமிழ்ப் படியைப் படிக்கத் தெரியாமலே விரலை ஓட்டிப் பார்த்தார். "சுவர் கட்டின வருஷம் எழுத வேண்டாமா? எழுதினாத்தான் கனம்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் காசைப் பார்த்தார். 18 என்று எழுதி, இரண்டு எண்ணுக்கு இடம் விட்டேன்.

"எழுபதுன்னு போடேன்" என்றார் அத்தான். "பார்க்க நல்லா இருக்கும்."

போட முடியாது என்றேன். பைலி அறுபத்தைந்து என்றார். விலை பேசுவதுபோல இருந்தது. பேனா என் கையில் இருந்ததால் பேரம் படியவில்லை.

"ஏலே, அவங்க எந்த வருஷம் கட்டினாங்கன்னா எனக்கென்ன?" என்றாள் அக்கா. "இவங்க எந்த வருஷமும் பொளிக்க மாட்டாங்கன்னு எழுதியிருக்கியா? அதக் காட்டு." காட்டினேன். அவளுக்குத் தமிழ்ப் படிப்பு கொஞ்சம் தடுமாறியதால் அந்த வரியை மலையாளப் படியில் இரண்டு முறை படித்துவிட்டு, இரண்டிலும் மலையாளத்தில் கையெழுத்துப் போட்டாள். பைலி போட்டார். சாட்சிக்கு டீச்சரும் தையற்காரரும். மைமூனாத்தா கையெழுத்துப் போடத் தெரியாதென்று சொல்லி, கட்டைவிரலை வைத்தாள்.

அந்த இரண்டு எண்களின் இடம் இரண்டு படிகளிலும் காலியாகவே இருக்கிறது. காசு சுவரின் அடியிலிருந்து வந்ததா, மேல்மண்ணிலிருந்து வந்ததா என்று சலித்தவர்களுக்கு நினைவில்லை. அடியிலிருந்துதான் என்று பைலிச் சேட்டன் உறுதியாகச் சொல்கிறார். அவர் அப்போது அங்கே இல்லை. ஆண்டின் கடைசி இரண்டு எண்களும் கிடைத்தபோதே தேய்ந்திருந்தன என்பது மைமூனாத்தாவின் வாக்குமூலம், புளியில் போயின என்பது என் சந்தேகம். இரண்டில் எது சரி என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.